சல்லடையில் நின்றதெல்லாம் வேர்

போன மாதம் நான் வேலை பார்த்த ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு பேரும் புதிதாகச் சேர்ந்தவர்கள். பண்ணைக்கு ஆண்டுவிழா மலர் போடுகிறார்களாம். ஓய்வு பெற்றவர்கள் சார்பில் நான் இரண்டு பக்கம் எழுத வேண்டுமாம். "இனிமையான நினைவுகளா இருந்தா நல்லாருக்கும்க்கா" என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கேட்டார். என் நினைவைவிட போட்டோதான் அவர்களுக்கு அவசரம் என்று தெரிந்தது.

காபி குடித்துக்கொண்டே புது மெஷின் வந்த சங்கதியைச் சொன்னார்கள். கழுவிய வேரைத் தட்டில் பரப்பி உள்ளே தள்ளினால் போதுமாம். படம் எடுத்து, நீளம் எவ்வளவு, தடிமன் எவ்வளவு, கிளை எத்தனை என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கொட்டிவிடுமாம். நான் ஒரு நாள் முழுக்க முதுகு ஒடிய எண்ணியதை அது ஒரு நிமிஷத்தில் எண்ணிவிடுகிறது. சந்தோஷம்தான். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டேன்.

"அது மக்காச்சோள வேரா, பருத்தி வேரான்னு மெஷின் சொல்லுமா?"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "தட்டுல இருக்கிறதெல்லாம் வேர்னுதான்க்கா அது எடுத்துக்கும்" என்றார் போட்டோ கேட்டவர்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் பண்ணைத் தலைவராக இருந்த பெரியசார் ஓய்வு பெற்றுப் போய்விட்டார் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்? ஆள் மெஷினுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு இன்னும் வேலை பார்க்கிறார். அன்றைக்கே எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன். இனிமைக்கு மட்டும் நான் பொறுப்பில்லை.

நான் முத்துலெட்சுமி. இருபத்தொன்பது வருஷம் வேர் கழுவினேன். ஆபீஸ் காகிதத்தில் தொழில்நுட்ப உதவியாளர் என்று இருக்கும். ஆனால் செய்தது அதுதான். முதல் ஒன்பது வருஷம் தினக்கூலி, மீதி நிரந்தரம். எனக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள், "பொண்ணு என்ன வேல பாக்குது?" என்று கேட்டார்கள். "வேர் கழுவுது" என்றார் என் அப்பா. "மரவள்ளிக் கெழங்கு ஆலையிலயா?" என்று கேட்டார்கள். "கவர்மெண்டுல" என்றதும் வேர் என்ன வேர் என்று கேட்காமல் தட்டை மாற்றிக்கொண்டார்கள். பயிற்சி என்று எனக்கு யாரும் எதுவும் தரவில்லை. முதல் நாள் ஒரு வாளியையும் சல்லடையையும் கொடுத்துக் குழாயடியைக் காட்டினார்கள், அவ்வளவுதான்.

அந்த வேலை எப்படி என்று கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். மக்காச்சோளச் செடியிலிருந்து ஒரு சாண் தள்ளி இரும்புக் குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, சம்மட்டியால் அடித்து நாலு அடி ஆழத்துக்கு இறக்க வேண்டும். இறக்குவதைவிடச் சங்கிலி போட்டு அதை வெளியே இழுப்பது பெரிய பாடு. குழாய்க்குள் வந்த மண்ணை அரையடி அரையடியாக நறுக்கித் தனித்தனிப் பையில் போட்டு, சீட்டு எழுதிப் போட வேண்டும். சீட்டில் பென்சிலால்தான் எழுத வேண்டும். பேனா எழுத்து தண்ணீரில் கரைந்துவிடும். பெரம்பலூர்க் கரிசல் லேசில் விட்டுக்கொடுக்காது. உப்பும் சோடா உப்பும் கலந்த தண்ணீரில் மறுநாள்வரை ஊறினால்தான் இளகும். அதை வாளியில் கொட்டிக் கையால் சுழற்றி, கண் சின்னதான சல்லடையில் ஊற்றினால் மண் கீழே போகும், வேர் மேலே நிற்கும். நின்றதைச் சின்ன இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, அடியில் கட்டம் போட்ட கண்ணாடித் தட்டில் தண்ணீர் விட்டு மிதக்க விட வேண்டும். வேர் எத்தனை இடத்தில் கோட்டைத் தாண்டுகிறது என்று எண்ணி நோட்டில் எழுதினால், அந்தக் கணக்கிலிருந்து வேரின் நீளம் வரும். ஒரு பைக்கு அரை நாள் போய்விடும். நகத்துக்குள் ஏறிய கருப்பு தீபாவளிக்கும் போகாது, பொங்கலுக்கும் போகாது.

இனி பெரியசார். எங்கள் பண்ணையின் தலைவர், பயிர் விஞ்ஞானி. எங்கள் பக்கத்துச் சிறுவாச்சூர்க் கோயிலில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும். பெரியசாரும் திங்களும் வெள்ளியும்தான் வயலுக்கு வருவார். மற்ற நாட்களில் அறைக்குள் இருப்பார். வரும்போது வேப்பமர நிழலில் ஒரு நாற்காலி போட்டிருக்க வேண்டும். தண்ணீர் குடிக்கத் தன் டம்ளரைத் தானே கொண்டுவருவார். மண்ணை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. வேரைக் காட்டினால் கைக்குட்டையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, தட்டுக்கு மேலே அரை அடி உயரத்தில் முகத்தை நிறுத்தி, "ம்" என்பார். அந்த "ம்"முக்குச் சரி என்று அர்த்தமா, தப்பு என்று அர்த்தமா என்று சாயங்காலம்வரை நாங்கள் ஆராய்ச்சி செய்வோம். யாரையும் திட்ட மாட்டார். "நாம தோண்டிடுவோம்", "நாம கழுவிடுவோம்" என்று எல்லாவற்றையும் நம்மோடு சேர்ந்து செய்வதுபோலத்தான் பேசுவார். அந்த "நாம"வில் அவர் எந்த வேலைக்கு வருவார் என்றால் கடைசியில் பச்சை மையில் கையெழுத்துப் போடுவதற்கு.

அவருக்கு ஒரு கொள்கை உண்டு. வாரம் ஒருமுறையாவது சொல்வார். "சல்லடைல நின்னா வேர். கீழ போனா மண்ணு. ஆராய்ச்சி அவ்வளவு எளிமையானது."

நான் தினக்கூலியாக இருந்த கடைசி வருஷம் அவர் ஒரு புது மக்காச்சோள ரகம் கொண்டுவந்தார். அதையும் பழைய ரகத்தையும் பக்கத்துப் பக்கத்து வயலில் போட்டு, எது ஆழமாக வேர் விடுகிறது என்று பார்க்க வேண்டும். தன் ரகத்துக்கு நல்ல இடம் வேண்டும் என்று கிணற்றுமேட்டு வயலை எடுத்துக்கொண்டார். அதில் முந்தின போகம் பருத்தி. பழைய ரகத்துக்குக் கீழ்வயல். அதில் முந்தின போகம் சின்ன வெங்காயம். வெங்காய வேர் ஒரு சாண் ஆழத்துக்குமேல் போகாது. பருத்தி வேர் நேரே கீழே இறங்கும். கரிசல் வெடித்தால் அந்த வெடிப்பு வழியாக இன்னும் கீழே இறங்கும். காய்ந்த பருத்திச் செடியை, அதாவது மாரைப் பிடுங்கும்போது மேல்வேர்தான் வரும், அடிவேர் அறுந்து உள்ளேயே கிடக்கும். இது பருத்தி பிடுங்கிய எந்தப் பொம்பளைக்கும் தெரியும். ஆனால் அந்த வயலை ஒதுக்கிய கூட்டத்தில் பருத்தி பிடுங்கிய பொம்பளை யாரும் இல்லை.

கழுவினேன். புது ரகத்தின் பைகளில் மூன்றடிக்குக் கீழேயும் வேர் நின்றது. பழைய ரகத்தில் அந்த ஆழத்தில் ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த ஆழத்து வேர் பழுப்பாக இருந்தது. மக்காச்சோள வேர் வெளுத்திருக்கும், இழுத்தால் நூல்போல வரும். இதை நகத்தால் நசுக்கினால் தோல் கழன்று உள்ளே குச்சி தெரிந்தது. செத்த பருத்தி வேர். தொட்ட மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை தட்டை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனேன். "சார், இது போன போகத்துப் பருத்தி வேர் மாதிரி இருக்குங்க சார்."

கண்ணாடியைத் துடைத்தார். தட்டைப் பார்த்தார். "சல்லடைல நின்னுச்சா?"

"நின்னுச்சுங்க சார்."

"சல்லடைல நின்னா வேர். கீழ போனா மண்ணு. நடுவுல நீங்க எதுக்கு?" கோபமே இல்லாமல்தான் கேட்டார். பிறகு டம்ளரில் தண்ணீர் குடித்துவிட்டு, "உங்க நிரந்தர ஃபைல் என் டேபிளுக்கு வந்திருக்கு. பாத்துட்டேன்" என்றார்.

எண்ணினேன். பழுப்பையும் வெளுப்பையும் சேர்த்தே எண்ணினேன். நோட்டில் 'வேர்' என்று கோடு போட்ட ஒரே காலத்தில் எழுதினேன். அடுத்த மாதம் நிரந்தரமானேன். பயந்துபோய்ச் செய்தேன் என்று எழுதினால் படிக்கிறவர்கள் இரக்கப்படுவார்கள். பயம் கொஞ்சம்தான். சந்தோஷம்தான் அதிகமாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அந்த ரகத்துக்கு ஆழவேர் மக்காச்சோளம் என்று பெயர் வந்தது. மழை தள்ளிப்போனாலும் அடி ஈரத்தை உறிஞ்சித் தாங்கும் என்று வழுவழுப்பான தாளில் நோட்டீஸ் அடித்தார்கள். பெரியசாருக்குச் சால்வை மேல் சால்வை. ஒரு மேடையில் அவரை வேர் நாயகர் என்றே கூப்பிட்டார்கள். நானும் கைதட்டினேன். நோட்டீஸில் இருந்த வேர்ப்படம் நான் தட்டில் பரப்பியது. நல்லவேளை, கருப்பு வெள்ளையில் அடித்திருந்தார்கள்.

அந்த நோட்டீஸில் ஒன்றை எடுத்துக்கொண்டு சிறுவாச்சூர்ப் பக்கம் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குப் போனேன். எங்கள் அப்பா அம்மா அடுத்தவர் கொல்லையில் வேலை செய்தே போனவர்கள். அண்ணன் வெளிநாட்டில் கட்டிட வேலை பார்த்துத் திரும்பி வந்து வாங்கிய இரண்டு ஏக்கர் மானாவாரிதான் எங்கள் வம்சத்துக்கு முதன்முதலாகச் சொந்தமான நிலம். அண்ணிதான் அந்த வீட்டில் எழுத்துக்கூட்டாமல் படிக்கிறவர். நோட்டீஸை முழுக்க வாசித்துவிட்டு, "பருத்தியே போடலாங்க. இந்த வருசம் புள்ளைய நர்ஸ் படிப்புல சேக்கணும். புதுசா ஒண்ணப் போட்டுப் பாக்குற வருசமா இது?" என்றார்.

"முத்து ஆபீஸ்ல வந்த வெதடி" என்றார் அண்ணன். "அவ கையாலயே வேரு அளந்துருக்கா. இதுக்கு மேல என்ன வேணும்?"

நான் அங்கேதான் இருந்தேன். வடை தின்றுகொண்டிருந்தேன். வாயில் வடை இருந்ததால் பேசவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் கதிர் பிடிக்கும் நேரத்தில் மழை நின்றது. பக்கத்துக் கொல்லையில் பழைய ரகம் காய்ந்த அதே வாரத்தில் அண்ணன் விதைத்த ஆழவேர் மக்காச்சோளமும் காய்ந்தது. நர்ஸ் படிப்புக்கு நினைத்த பிள்ளை திருப்பூர் மில்லுக்குப் போனது. பண்ணையில் கூட்டம் போட்டு ஆராய்ந்தார்கள். விவசாயிகள் போதுமான ஆழத்துக்கு உழவில்லை என்று பெரியசார் கண்டுபிடித்தார். அதையும் பச்சை மையில் எழுதினார்.

அண்ணன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்படியே வருஷங்கள் போயின. முதல் நோட்டு எழுதிப் பதினாலு வருஷம் கழித்து ரெஹானா மேடம் வந்தார். லப்பைக்குடிக்காட்டுக்காரர். பயிரியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். பட்டத்துக்கு மேற்பட்ட ஆராய்ச்சிக்கு வந்திருந்தார். டாக்டராகிவிட்ட பிறகு, வேலை கிடைக்கிறவரை செய்துகொண்டிருக்கிற ஆராய்ச்சிக்கு அப்படிப் பெயர் என்று நான் புரிந்துகொண்டேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரியசார் கடிதம் கொடுத்தால் நீடிக்கும். கொடுக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். வீட்டிலிருந்து அவருடைய அம்மா போன் செய்வார். "இன்னும் எத்தன வருசம்மா படிப்ப? டாக்டர்தான் ஆயிட்டியே, ஊசி போடவும் தெரியல." மேடம் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலை பார்ப்பதால் எங்களுக்கும் கேட்கும்.

அவருக்குக் கொடுத்த வேலை என்ன தெரியுமா? ஆழவேர் மக்காச்சோளம் ஏன் அவ்வளவு ஆழமாக வேர் விடுகிறது என்று கண்டுபிடிப்பது. செடியின் உள்ளே எந்த மரபணு அதைச் செய்கிறது, எந்தச் சுரப்பு அதற்குக் கட்டளை போடுகிறது என்று இரண்டு வருஷம் தேட வேண்டும். இல்லாத பிள்ளைக்கு யார் ஜாடை என்று பார்க்கச் சொன்ன கதை. எனக்கு முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. படித்தவர்கள் பாடு படித்தவர்களோடு என்று என் வாளியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

ரெஹானா மேடம் கெட்டிக்காரர். ஆள் உயரக் குழாய்களில் மண்ணை நிரப்பி இரண்டு ரகத்தையும் வளர்த்து, குழாயை நெடுக்காகப் பிளந்து வேரை அளந்தார். ஒரு பக்கம் கண்ணாடி வைத்த பெட்டிகளில் வளர்த்து, வேர்நுனி தினமும் எதுவரை வந்தது என்று கண்ணாடியில் கோடு போட்டார். இரண்டு ரகமும் சொல்லி வைத்ததுபோல ஒரே அளவில் இறங்கின. தன் கையில்தான் தப்பு என்று நினைத்து மறுபடி நட்டார். மறுபடி அதேதான். பெரியசாரிடம் காட்டினார். "குழாய் வேற, பூமி வேற" என்றார் அவர். "நாம வயலுக்குப் போயிடுவோம்."

நாம போனோம். அதாவது நானும் மேடமும் சம்மட்டி அடிக்கிற இரண்டு ஆட்களும். அரியலூர்ப் பக்கம் அடுத்த வருஷம் ஆழவேர் விதையை நிறையக் கொடுக்கப்போவதால், ரெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு விவசாயியின் வயலில் அதை முன்னோட்டமாகப் போட்டிருந்தார்கள். அங்கே இரண்டடி இறங்கியதும் குழாய் 'ணங்' என்றது. கீழே சுண்ணாம்புப் பாறை. சிமெண்டுக்குத் தோண்டுகிற ஊரில் வேறென்ன இருக்கும்? போனில் கேட்டால், "நாலடி எடுத்தே ஆகணும், அடிங்க" என்று பெரியசார் பெரம்பலூரிலிருந்து சொன்னார். அடித்தோம். குழாயின் வாய் மடங்கிப்போனது. வந்த மண்ணைக் கழுவினால் சல்லடையில் சுண்டுவிரல் அளவுக்குக் கல்லாகிப்போன சிப்பி ஒன்று நின்றது. எந்தக் காலத்துக் கடலில் இருந்ததோ. சல்லடையில் நின்றால் வேர்தானே, இதையும் நோட்டில் எழுதிவிடலாமா மேடம் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. மூன்று மாதத்தில் அவருடைய கடிதம் புதுப்பிக்க வேண்டியிருந்தது.

கடைசியில் எங்கள் பண்ணையின் கிணற்றுமேட்டு வயலிலேயே போட்டார். அந்த வயலுக்கும் அந்த ரகத்துக்கும் ராசி என்று பெரியசார்தான் சொன்னார். முந்தின போகம் அதில் மறுபடியும் பருத்தி. பழைய ரகம் வழக்கம்போலக் கீழ்வயலில், வெங்காயத்துக்குப் பின்னால்.

மூன்றடிக்குக் கீழே எடுத்த பை. நான்தான் கழுவினேன். சல்லடையில் வேர் நின்றது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மேடம் என் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டார். "வந்துருச்சுக்கா! வந்துருச்சு!" உடனே அம்மாவுக்குப் போன் போட்டார். "உம்மா, கெடச்சிருச்சும்மா. அல்ஹம்துலில்லாஹ், இனி ஒண்ணும் பயமில்ல." ஸ்பீக்கரில் அந்த அம்மா அழுதது எனக்குக் கேட்டது.

நான் தட்டைப் பார்த்தேன். பழுப்பு.

நான்கு நாள் வாய் திறக்கவில்லை. சொன்னால் அவருக்கு எதிர்காலம் போகும். எனக்கோ பதினைந்து வருஷத்து நோட்டெல்லாம் பொய்யாகும். ஓய்வு பெற நாலு வருஷம் இருக்கிற நேரத்தில் பெரியசாரின் பகை வேறு. சொல்லாவிட்டால் யாருக்கு என்ன? அரியலூர்ப் பக்கத்தில் எவனோ ஒருவன் விதைப்பான், அவன் வீட்டில் எந்தப் பிள்ளையோ மில்லுக்குப் போகும். முகம் தெரியாத அந்தப் பிள்ளைக்கு நான்கு நாளும் என் அண்ணன் மகளின் முகம்தான் வந்தது.

ஐந்தாம் நாள் அடுத்த பையைக் கழுவும்போது இரண்டு தட்டு எடுத்தேன். வெளுப்பை ஒன்றில் போட்டேன், பழுப்பை மற்றதில் போட்டேன். நோட்டில் ஸ்கேல் வைத்து இன்னொரு கோடு கிழித்து, மக்காச்சோளம் என்று ஒரு காலம், பருத்தி என்று ஒரு காலம் எழுதினேன். இருபது வருஷத்துக்கு மேலான என் வேலையில் நான் செய்த ஒரே கண்டுபிடிப்பு அந்தக் கோடுதான்.

மேடம் வந்து பார்த்தார். ஒரு பழுப்பு வேரை எடுத்து நகத்தால் நசுக்கினார். பிறகு பண்ணைப் பதிவேட்டை எடுத்துவரச் சொல்லி, எந்த வயலில் எந்தப் போகம் என்ன பயிர் என்று பக்கம் பக்கமாகப் பார்த்தார். முதல் நோட்டின் வருஷம்வரை பார்த்தார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

"பதினஞ்சு வருசமா தெரியுமாக்கா ஒங்களுக்கு?"

"தெரியும் மேடம்."

"நான் வந்தே ஒண்ணரை வருசம் ஆச்சு. ஒரு நாள் சொல்லியிருக்கலாம்லக்கா. டீ குடிக்கையில சொல்லியிருக்கலாம்ல."

நன்றி சொல்வார் என்று எங்கோ ஒரு மூலையில் நினைத்திருந்தேன் போல. அது அப்படியே நாக்கில் கசந்தது. அவர் சொன்னது நியாயம். டீ குடித்த நாட்களை நானும் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமைவரை காத்திருக்காமல் பெரியசாரின் அறைக்கே போனோம். மேடம் இரண்டு தட்டையும் மேஜைமேல் வைத்து, நோட்டையும் பதிவேட்டையும் விரித்து வைத்தார். பெரியசார் கண்ணாடியைத் துடைத்தார்.

"பருத்தின்னு யார் சொன்னது?"

"நாந்தாங்க சார்" என்றேன்.

"நீங்க தாவரவியல் படிச்சிருக்கீங்களா?"

"இல்லைங்க சார். கழுவியிருக்கேன்."

"ம்."

"கையில தொட்டுப் பாருங்க சார். நசுக்கினா தோல் கழண்டு வரும். மக்காச்சோளம்னா வராது."

கையை மேஜைக்கடியில் இறக்கிக்கொண்டார். குறுக்காக வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டதாகவும், உள்ளே மரத்தில்போலக் கட்டை வளர்ந்திருப்பதாகவும், மக்காச்சோள வேரில் அப்படி வளராது என்றும் மேடம் சொன்னார். அதற்கும் ஒரு "ம்". பிறகு நிதானமாகப் பேசினார். "நோட்டுல ரெண்டு காலம் எதுக்கு? பழைய நோட்டும் புது நோட்டும் ஒத்துப்போகணும்ல? நாம இத ஒரே காலமா நல்லபடியா எடுத்து எழுதிடுவோம். ரெஹானா, உங்க கடிதமும் இங்கதான் இருக்கு."

"ஒத்துப்போகாதுங்க சார்" என்றார் மேடம்.

பெரியசார் என் பக்கம் திரும்பினார். நோட்டு எழுதுகிறவள் நான்தானே. "பென்சில் எழுத்துதாங்க சார்" என்றேன். "அழிக்கிறதுன்னா நீங்களே அழிச்சிடுங்க." பையிலிருந்த ரப்பரை எடுத்து நோட்டின்மேல் வைத்தேன்.

அவர் தொடவில்லை. மண்ணைத் தொடாதவர், ரப்பரையா தொடுவார்?

மேடத்தின் கடிதத்தில் அந்தப் பச்சைக் கையெழுத்து விழவில்லை. மீதி மாதங்களை முடித்துவிட்டு, பருத்திக்குத் தனிக் காலம் போட்ட நோட்டையும் பதிவேட்டையும் சேர்த்து, நிதி கொடுத்த குழுவுக்கு அறிக்கை அனுப்பிவிட்டுப் போனார். ரகத்தை யாரும் வாபஸ் வாங்கவில்லை. அப்படி வாங்கினால் கொடுத்த சால்வைகளை என்ன செய்வது? அரியலூருக்கு அடித்த நோட்டீஸ் மட்டும் கட்டுக் கட்டாகக் கிடங்கிலேயே இருந்தது. விதை கோழித் தீவனத்துக்குப் போனது. வேர் எவ்வளவு ஆழம் என்று கோழிகள் எதுவும் கேட்கவில்லை. பெரியசார் அடுத்த வருஷம் ஓய்வு பெற்றார். மேடையில் மறுபடியும் வேர் நாயகர் என்றார்கள். இந்தத் தடவை நான் கைதட்டவில்லை, அவ்வளவுதான் என் வீரம். ரெஹானா மேடம் இப்போது ஒரு தனியார் கல்லூரியில் பாடம் எடுக்கிறார். ரம்ஜானுக்கு வாழ்த்து அனுப்புவேன். பதிலுக்குக் கைகூப்பும் படம் ஒன்று வரும். அதற்குமேல் எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை.

நானும் ஓய்வு பெற்றேன். இந்த மலர்ப் பிள்ளைகள் வந்துவிட்டுப் போன மறுநாள் அண்ணனைப் பார்க்கப் போனேன். கொல்லையில் சின்ன வெங்காயத்துக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார். வரப்பில் உட்கார்ந்து, "அண்ணே, அந்த ஆழவேர் வெத இருக்குல்ல, அது ஆழமே போகலண்ணே" என்றேன்.

"அதான் தெரியுமே" என்றார் குனிந்த தலை நிமிராமல். "காயிறப்பவே நாலு சோளத் தட்டய தோண்டிப் பாத்தேன். பக்கத்துக் கொல்லையிலயும் நாலு தோண்டுனேன். ரெண்டுக்கும் வேரு ஒரே அளவுதான்."

பதினைந்து வருஷமும் இருபது பைலும் மைக்ராஸ்கோப்பும் கண்டுபிடித்ததை அவர் ஒரு மண்வெட்டியில் ஒரு காலையில் கண்டுபிடித்திருக்கிறார்.

"ஏண்ணே அப்பவே சொல்லல?"

"எங்க போயி சொல்றது? ஆபீஸ்ல வந்து சத்தம் போட்டா ஒன் வேலக்கி ஏதும் ஆயிரும்ல. அப்பத்தான் பெர்மனென்ட் ஆயிருந்த. பாவம், நீயே ஏமாந்துபோயித்தான் அந்த நோட்டீஸத் தூக்கிட்டு அம்புட்டுச் சந்தோசமா வந்த. ஒன்ட்ட சொன்னா மனசு கஷ்டப்படுவன்னு வுட்டுட்டேன்."

"நான் ஏமாறலண்ணே. எனக்குத் தெரியும். அப்பவே தெரியும்."

களைக்கொட்டு நின்றது. என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு மறுபடி குனிந்து இரண்டு பாத்தி களை எடுத்து முடித்தார். மூன்றாவது பாத்திக்குப் போகும்போதுதான் சொன்னார்.

"வூட்டுல சாப்புட்டுப் போ. அண்ணிக்கிட்ட மட்டும் இதச் சொல்லிப்புடாத."

சொல்லவில்லை. சாப்பிட்டேன், அண்ணி இரண்டாம் முறையும் குழம்பு ஊற்றினார், கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். வாயால் சொல்ல எனக்கு இன்றைக்கும் வராது. ஆனால் அண்ணி எழுத்துக்கூட்டாமல் படிப்பவர் என்று மேலே எழுதியிருக்கிறேன். மலர் வந்ததும் அன்றைக்கு நோட்டீஸைக் கொண்டுபோனதுபோல ஒரு பிரதியை நானே கொண்டுபோய் அவர் கையில் கொடுப்பேன். ஆகவே தம்பிகளா, இரண்டு பக்கத்துக்குமேல் போய்விட்டது என்று இதில் ஒரு வரியையும் வெட்டாதீர்கள். இடம் போதாவிட்டால் என் போட்டோவை எடுத்துவிடுங்கள்.